ஜவ்வரிசி ஆலைக் கணக்கும் எக்ஸ்பிஆர்எல்லும்: குறியிடும் வேலை ஏப்ரலிலா, அக்டோபரிலா?

செவ்வாய்ப்பேட்டை பேரேடு:
எல்லாருக்கும் வணக்கம். ஆத்தூர் ரோட்டில் ஸ்டார்ச், ஜவ்வரிசி ரெண்டும் செய்கிற ஒரு ஆலை. பிரைவேட் லிமிடெட், செலுத்தப்பட்ட மூலதனம் 2 கோடி. 2024-25-க்கு ஜிஎஸ்டி கணக்குப்படி விற்றுமுதல் 101.4 கோடி, லாப நட்டக் கணக்கில் 98.9 கோடி. எக்ஸ்பிஆர்எல் தாக்கலுக்கான (நிதிநிலை அறிக்கையின் ஒவ்வொரு எண்ணிலும் கணினி படிக்கிற குறி ஒட்டிக் கொடுக்கிறது) 100 கோடி வரம்புக்கு எந்த எண்ணை எடுக்கணும்? அடுத்த வருஷம் எப்படிப் பார்த்தாலும் 100-ஐத் தாண்டிடும். அதுக்கு இப்பவே டேலி கணக்கு மென்பொருளில் என்ன மாத்தி வைக்கணும்? இல்லை, வருஷ முடிவில் பேலன்ஸ் ஷீட்டை வெளியே கொடுத்து ஃபைலா மாத்தி வாங்கிக்கிட்டா போதுமா?

அம்மாபேட்டை ஆடிட்டர்:
வரம்புக்கு லாப நட்டக் கணக்கின் எண்தான். கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 2(91) விற்றுமுதலை வரையறுக்கிறது: பொருள் விற்றதற்கும் சேவை செய்ததற்கும் லாப நட்டக் கணக்கில் வருவாயாக ஏற்ற மொத்தத் தொகை. ஜிஎஸ்டியின் மொத்த விற்றுமுதல் வேறு. ஒரே பான் எண்ணில் இருக்கிற எல்லாப் பதிவுகளின் வழங்கலையும் அது கூட்டும். உங்கள் 2.5 கோடி வித்தியாசத்துக்குப் பெரும்பாலும் ரெண்டு காரணம் இருக்கும். ஒன்று, விற்ற பழைய இயந்திரம். இன்னொன்று, வெளிமாநிலக் கிளைக்குப் பில் போட்டு அனுப்பின சரக்கு. பிரித்துப் பாருங்கள்.

செவ்வாய்ப்பேட்டை பேரேடு:
பார்த்தேன் சார். இயந்திரம் 1.1 கோடி, கிளைக்கு அனுப்பினது 1.4 கோடி. சரியா வந்துடுச்சு.

அம்மாபேட்டை ஆடிட்டர்:
அப்படியானால் 2024-25-க்குச் சாதாரண ஏஓசி-4 (நிதிநிலை அறிக்கை தாக்கல் செய்யும் படிவம்) போதும். யாருக்குக் கட்டாயம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்: பட்டியலிட்ட கம்பெனிகளும் அவற்றின் இந்தியத் துணைக் கம்பெனிகளும், செலுத்தப்பட்ட மூலதனம் 5 கோடியோ அதற்கு மேலோ உள்ளவை, விற்றுமுதல் 100 கோடியோ அதற்கு மேலோ உள்ளவை, இந்த் ஏஎஸ் (சர்வதேசத் தரத்தை ஒட்டிய இந்தியக் கணக்கியல் தரநிலை) பின்பற்ற வேண்டியவை. வங்கி, காப்பீடு, என்பிஎஃப்சி (வங்கியல்லாத நிதி நிறுவனம்), வீட்டுக்கடன் கம்பெனிகளுக்கு விலக்கு. 2010-11 கணக்கிலிருந்து இந்த முறை இருக்கிறது. இப்போது நடப்பில் உள்ளவை 2015-ஆம் ஆண்டு விதிகள்.

பலர் கவனிக்காத வரி ஒன்று அந்த விதியிலேயே இருக்கிறது. ஒரு வருடம் வரம்புக்குள் வந்து தாக்கல் செய்துவிட்டால், அடுத்த வருடம் விற்றுமுதல் 80 கோடியாக இறங்கினாலும் எக்ஸ்பிஆர்எல்லிலேயே தொடர வேண்டும். மரவள்ளிக் கிழங்கு விலை ஏறி இறங்குகிற தொழிலில் இது முக்கியம். ஒரு வருடச் செலவு என்று பட்ஜெட் போடாதீர்கள்.

இன்னொன்று, ரவுண்டிங். கம்பெனிகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணைப்படி மொத்த வருமானம் 100 கோடியைத் தொட்டால் ஆயிரத்தில் காட்ட முடியாது. லட்சம், மில்லியன், கோடி இவற்றில் ஒன்றுதான். இங்கே கணக்கு மொத்த வருமானத்துக்கு, விற்றுமுதலுக்கு அல்ல. உங்களுக்கு இதர வருமானம் 1.1 கோடி இருந்தால் இந்த வருடமே அந்த வரம்பைத் தொட்டுவிடுகிறீர்கள்.

குறிச்சொல்:
இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். வெளியே கொடுத்து மாற்றிக்கொள்ளலாம், ஃபைலும் கிடைக்கும். ஆனால் மாற்றுகிறவருக்கு அச்சிட்ட பேலன்ஸ் ஷீட்டில் இருப்பது மட்டும்தான் தெரியும். 'இதர செலவு 42 லட்சம்' என்று ஒரு வரி வந்தால் அதற்குள் என்ன இருக்கிறது என்று அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? அக்டோபர் கடைசி வாரத்தில் உங்களுக்கே போன் வரும். பிரிவு 137-இன்படி ஏஜிஎம் (ஆண்டுப் பொதுக்கூட்டம்) நடந்து 30 நாளுக்குள் தாக்கல் முடியணும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம், அதற்கு உச்சவரம்பு கிடையாது.

ஃபைலுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் டேலியில் என்ன செய்யணும் என்பது தானாக விளங்கும். ஒவ்வொரு எண்ணோடும் நான்கு விவரம் ஒட்டிக்கொண்டு போகிறது. எந்த உறுப்பு, எந்தக் காலம், எந்த அலகு, எவ்வளவு துல்லியம். உறுப்பு என்பது கம்பெனி விவகார அமைச்சகத்தின் வகைப்பாட்டில் (எல்லா உறுப்புகளின் பட்டியல்) உள்ள பெயர். காலம் ரெண்டு வகை: 31-3-2026 அன்று என்று ஒரு நாளைச் சுட்டுவது பேலன்ஸ் ஷீட்டுக்கு; 1-4-2025 முதல் 31-3-2026 வரை என்பது லாப நட்டத்துக்கு. அலகு ரூபாய். துல்லியத்தில்தான் பாதிப் பேர் சறுக்குகிறார்கள். அச்சில் 12.35 லட்சம் என்றிருந்தால் ஃபைலில் 1235000 என்று முழுசாகப் போகணும், துல்லியக் குறி -3, அதாவது ஆயிரம் ரூபாய் வரைக்கும் துல்லியம். கோடியில் ரெண்டு தசமம் என்றால் -5. தசமம் இல்லாத லட்சம் என்றாலும் -5. 12.35 என்றே போட்டுவிட்டால் கம்பெனியின் கடனாளிகள் பன்னிரண்டு ரூபாய் முப்பத்தைந்து காசு என்று ஆகிவிடும். கூட்டல் சரியாக வருவதால் சரிபார்ப்புக் கருவி அதைப் பிடிக்கும் என்று உறுதி சொல்ல முடியாது.

அடுத்தது கழித்தல் குறி. செலவு உறுப்பு எல்லாமே இயல்பில் பற்று. அடைப்புக்குறிக்குள் அச்சிட்டிருக்கிறதே என்று மைனஸ் போட்டால் செலவு வருமானமாகிவிடும். ஆனால் 'கையிருப்பில் மாற்றம்' என்ற வரி மட்டும் ரெண்டு பக்கமும் போகும். ஆரம்பக் கையிருப்பு 3.10 கோடி, முடிவுக் கையிருப்பு 4.25 கோடி என்றால் அங்கே -1.15 கோடி. உறுப்பின் முழுப் பெயரைப் படித்துவிட்டுத்தான் குறியைத் தீர்மானிக்கணும்.

டேலி மேசை:
டேலியில் செய்ய வேண்டியது இதுங்க.

லெட்ஜர் மாஸ்டரில் மாற்றுப்பெயர் என்று ஒரு இடம் இருக்கு. அதில் ஒவ்வொரு லெட்ஜருக்கும் சொந்தமா ஒரு நாலு இலக்க எண் கொடுங்க. வகைப்பாட்டு உறுப்பின் நீளப் பெயரை அங்கே எழுதாதீங்க. நாளைக்கு அமைச்சகம் வகைப்பாட்டை மாற்றினால் அறுநூறு லெட்ஜரையும் திறந்து திருத்த வேண்டி வரும். எண் மட்டும் டேலியில் இருக்கட்டும். எந்த எண்ணுக்கு எந்த உறுப்பு என்கிற அட்டவணை தனி எக்ஸல் ஷீட்டில் இருக்கட்டும். டிரையல் பேலன்ஸை எஃப்12-ல் மாற்றுப்பெயரோடு காட்டச் சொல்லி ஏற்றுமதி செய்தால், ஷீட்டில் விலுக்அப் (VLOOKUP) போட்டு உறுப்பு வாரியா கூட்டிடலாம்.

ஒரு லெட்ஜருக்கு ஒரே எண். ரெண்டு எண் தேவைப்படுதுன்னா அந்த லெட்ஜர் ரெண்டா பிரியணும்னு அர்த்தம். 'வட்டி' என்று ஒரே லெட்ஜரில் கட்டினதும் வந்ததும் கலந்து கிடக்கும். அதை ஏப்ரல் 1-லேயே பிரிச்சிடுங்க. கடனாளி, கடனீந்தோர் லெட்ஜர்களுக்கு மட்டும் எண் போதாது. கடனாளி கணக்கு வரவு இருப்பில் நின்றால் அது வாடிக்கையாளர் முன்பணம். அதனால ஷீட்டில் இருப்பின் பக்கத்தைப் பார்த்து எண்ணை மாற்றுகிற ஒரு இஃப் சூத்திரம் வேணும்.

இன்னொரு எச்சரிக்கை. டேலியில் குழு மாற்றம் தேதி பார்க்காது. ஒரு லெட்ஜரை இன்னொரு குழுவுக்கு நகர்த்தினால் அதே கம்பெனித் தரவில் இருக்கிற போன வருஷ பேலன்ஸ் ஷீட்டும் கூடவே மாறிடும். கை வைக்கும் முன்னாடி கையெழுத்தான வருஷத்தோட டிரையல் பேலன்ஸை பிடிஎஃப்பா எடுத்து வைங்க.

அம்மாபேட்டை ஆடிட்டர்:
டேலி மேசை சொன்னதோடு மூன்று இடம் சேர்க்கிறேன். மூன்றும் 2021 மார்ச்சில் மூன்றாம் அட்டவணை திருத்தப்பட்டபோது மாறியவை, பழைய பழக்கத்தில் இன்னும் தவறாகவே வருகின்றன. டெர்ம் லோனில் அடுத்த 12 மாதத்தில் கட்ட வேண்டிய தவணை இப்போது குறுகிய காலக் கடனில் வரும், இதர நடப்புப் பொறுப்பில் அல்ல. மின்வாரிய டெபாசிட் மாதிரியானவை இதர நடப்பில்லாச் சொத்தில். கடனாளிகளுக்கு ஆறு மாதத்துக்குள், ஆறு மாதம் முதல் ஒரு வருடம், 1-2, 2-3, மூன்றுக்கு மேல் என்று வயதுப் பிரிப்பு கட்டாயம். கடனீந்தோருக்கும் வயதுப் பிரிப்பு உண்டு, அதில் எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவனம்) தனி வரிசை. ஈர மாவு கொடுக்கிற சின்ன ஆலைகளில் உத்யம் பதிவு (எம்எஸ்எம்இ பதிவு) உள்ளவை எவை என்று லெட்ஜரிலேயே குறித்துவையுங்கள். கிழங்கு கொடுக்கிற விவசாயி எம்எஸ்எம்இ கணக்கில் வரமாட்டார்.

செவ்வாய்ப்பேட்டை பேரேடு:
ரொம்ப நன்றிங்க. திப்பி (மாவு எடுத்தபின் மிஞ்சும் கிழங்குச் சக்கை) விற்ற பணம் எங்கே போகணும்? இதுவரை 'பலவகை வருமானம்' லெட்ஜரில் போட்டிருக்கு. பழைய சாக்கு, இரும்பு விற்றதும் அதே லெட்ஜர். கூட்டுறவுச் சங்கக் கிடங்கில் இருக்கிற மூட்டைக்கு என்ன செய்யறது?

அம்மாபேட்டை ஆடிட்டர்:
மூன்றாகப் பிரியுங்கள். திப்பி உற்பத்தியிலேயே வருவது, ஆகவே செயல்பாட்டு வருவாய்க்குள். உற்பத்தியில் விழும் கழிவும் அப்படியே, இதர செயல்பாட்டு வருவாய். பழைய இயந்திரம் விற்றால் லாபம் மட்டும் இதர வருமானம், விற்ற விலை வருமானமே அல்ல.

காஸ்ட் ஷீட்:
இங்கே மாறுபடுகிறேன் சார். ஏஎஸ் 2 (கையிருப்பு மதிப்பீட்டுக்கான கணக்கியல் தரநிலை) படி மதிப்பு சிறிதான துணைப்பொருளை நிகர விற்பனை மதிப்பில் எடுத்து முதன்மைப் பொருளின் அடக்கத்திலிருந்து கழிக்கணும். திப்பியை வருவாயில் காட்டினால் ஜவ்வரிசி அடக்கம் ஏறிவிடும். ஒரே தொகையை ரெண்டு இடத்தில் எடுத்த மாதிரி ஆகாதா?

அம்மாபேட்டை ஆடிட்டர்:
நல்ல கேள்வி. நீங்கள் சொல்வது முடிவுக் கையிருப்பை எப்படி மதிப்பிடுவது என்பது. நான் சொன்னது விற்ற பணத்தை எந்த வரியில் காட்டுவது என்பது. மார்ச் 31 அன்று கையிருப்பில் உள்ள ஜவ்வரிசிக்கு அடக்கம் போடும்போது திப்பி மதிப்பைக் கழியுங்கள். லாப நட்டத்தில் விற்பனை செயல்பாட்டு வருவாயில் நிற்கட்டும். ஆனால் நீங்கள் தொட்டது எனக்கு வேறொரு விதத்தில் முக்கியம். இந்த மாவட்டத்தில் பத்து ஆலைக் கணக்கை எடுத்து வைத்தால் திப்பி நான்கு வெவ்வேறு வரியில் இருக்கும். எக்ஸ்பிஆர்எல் ஃபைல் பத்தும் பிழையில்லாமல் ஏறும். பத்தையும் ஒப்பிட்டால் கிடைப்பது குழப்பம்தான். முதலில் தொழிலுக்குள் ஒரே அர்த்தம் வேண்டும்.

கிடங்குச் சரக்கு: விற்று உரிமை மாறும் வரை அது உங்கள் தயார்ப் பொருள் கையிருப்பு. அந்தச் சரக்கின் மேல் முன்பணம் வாங்கியிருந்தால் அது ஈடு வைத்த குறுகிய காலக் கடன். 'வாடிக்கையாளர் முன்பணம்' என்று போட்டுவிடாதீர்கள்.

கடன் பிரிவு:
வங்கிப் பக்கத்திலிருந்து. கிடங்கு மூட்டை விஷயத்தில் ஆலைகள் அடிக்கடி மாட்டுகிற இடம் மாதாந்திர ஸ்டாக் ஸ்டேட்மெண்ட். ஈடு வைத்த மூட்டையையும் சேர்த்து எங்களிடம் காட்டினால் அதே சரக்குக்கு ரெண்டு பேர் கடன் கொடுத்ததாகிவிடும். மூட்டைக்கு 90 கிலோ என்று எண்ணிக்கையில் வருகிறது, புத்தகத்தில் டன்னில் இருக்கிறது. மாற்றும்போது ஆலைக்குள் தொட்டியில் உள்ள ஈர மாவை உலர்ந்த எடைக்கு மாற்றாமலே கூட்டிவிடுகிறார்கள். ஈரத்தின் எடை முழுவதும் ஸ்டாக்காகத் தெரியும்.

2021-க்குப் பிறகு இது வங்கியோடு முடிவதில்லை. நடப்புச் சொத்து ஈட்டில் கடன் வாங்கின கம்பெனி, காலாண்டு ஸ்டேட்மெண்ட் புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்று நிதிநிலை அறிக்கையிலேயே குறிப்பிடணும், ஒத்துப்போகாவிட்டால் சரிக்கட்டும் விவரம் தரணும். நடைமுறை மூலதன வரம்பு 5 கோடிக்கு மேல் போனால் காரோ 2020-இல் (ஆடிட்டர் அறிக்கைக்கான உத்தரவு) ஆடிட்டரும் தனியாகச் சொல்லணும். எக்ஸ்பிஆர்எல் ஃபைலில் இந்தக் குறிப்பும் போகும்.

காஸ்ட் ஷீட்:
அதைத்தான் கேட்கிறேன். ஒரே ஸ்டாக் எண்ணை வங்கிக்கு எக்ஸலில், ஆர்ஓசிக்கு (கம்பெனிப் பதிவாளர்) எக்ஸ்பிஆர்எல்லில், வருமான வரிக்கு ஐடிஆர்-6 ஜேசனில் கொடுக்கிறோம். விற்பனைக்கு ஜிஎஸ்டி ஜேசன், இ-இன்வாய்ஸ் ஜேசன். ஏற்கனவே எல்லாம் இயந்திரம் படிக்கிற வடிவம்தானே? இன்னொரு பொதுத் தரநிலை வந்தால் ஆறாவது வடிவம் சேரும், அவ்வளவுதான். 100 கோடிக்குக் கீழே இருக்கிற ஆலைக்கு இதனால் என்ன கிடைக்கும்?

குறிச்சொல்:
உங்கள் கவலை நியாயமானது, ஆனால் வடிவத்தையும் தரநிலையையும் ஒன்றாகப் பார்க்கிறீர்கள். ஜேசன், எக்ஸ்எம்எல் எல்லாம் டப்பா. இழையின் முதல் கேள்வியையே பாருங்கள்: 'விற்றுமுதல்' என்ற ஒரே சொல், ஜிஎஸ்டியில் 101.4, கம்பெனிச் சட்டத்தில் 98.9. ரெண்டையும் ஒரே ஜேசனில் போட்டாலும் வித்தியாசம் அப்படியே இருக்கும். பொதுத் தரநிலை செய்ய வேண்டிய வேலை இந்த ரெண்டுக்கும் வேறு வேறு பெயர் கொடுத்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழியையும் எழுதி வைப்பது. இயந்திர விற்பனை 1.1, கிளை அனுப்பல் 1.4 என்ற அந்த ரெண்டு வரிதான் வழி. அது ஒருமுறை வரையறையில் ஏறிவிட்டால் ஒவ்வொரு ஆலையும் ஒவ்வொரு நோட்டீஸுக்கும் தனித்தனியாகப் பதில் எழுத வேண்டியதில்லை.

செய்து காட்டிய நாடு நெதர்லாந்து. அங்கே வரி, நிறுவனப் பதிவு, புள்ளியியல் மூன்றுக்கும் ஒரே வகைப்பாட்டிலிருந்து அறிக்கை போகிறது. வங்கிகளும் கடன் அறிக்கையை அதே வழியில் வாங்குகின்றன. ஆஸ்திரேலியாவும் 2010-இல் அதே மாதிரி ஒரு திட்டத்தைத் தொடங்கியது. அமெரிக்காவில் 2022 டிசம்பரில் கையெழுத்தான சட்டம், நிதி ஒழுங்குமுறை அமைப்புகள் பொதுவான தரவுத் தரநிலைகளை ஏற்கணும் என்கிறது. நிறுவன அடையாள எண் யாருக்கும் சொந்தமில்லாத திறந்த எண்ணாக இருக்கணும் என்று அதில் இருப்பது எனக்கு மிகப் பிடித்த பகுதி.

நம்மிடம் அடையாளமே பொருந்தவில்லை. ஜிஎஸ்டி எண் 15 எழுத்து, அதில் மூன்றிலிருந்து பன்னிரண்டு வரை பான் இருக்கிறது, ஆகவே அந்த ரெண்டும் இணையும். கம்பெனிப் பதிவு எண்ணான சிஐஎன் 21 எழுத்து. அதில் பான் இல்லை. 5 கோடியும் அதற்கு மேலும் கடன் உள்ளவர்களிடம் வங்கி கேட்கிற எல்இஐ (சட்டப்படியான நிறுவன அடையாள எண்) 20 எழுத்து, அதிலும் இல்லை. இந்த நான்கையும் ஒரே வரியில் வைக்கிற ஒரு அட்டவணையை ஒவ்வொரு ஆலையும் தன் அளவில் இன்றைக்கே வைத்துக்கொள்ளலாம்.

கடன் பிரிவு:
எல்இஐ பற்றி ஒன்று. அதை வருஷா வருஷம் புதுப்பிக்கணும். காலாவதியான எல்இஐயோடு கடன் புதுப்பிப்புக்கு வந்தால் அங்கேயே தாமதமாகும்.

காஸ்ட் ஷீட்:
அர்த்தம் வேறு, டப்பா வேறு என்பதை ஏற்கிறேன். செலவு யார் தலையில் என்ற கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது. அட்டவணை கட்டுகிற வேலை முழுக்க ஆலைக் கணக்காளர் மேல்தான் விழுகிறது.

குறிச்சொல்:
அதனால்தான் டேலி மேசை சொன்ன நாலு இலக்க எண்ணை ஒவ்வொரு ஆலையும் தனித்தனியாகக் கட்டாமல் தொழிலுக்கே ஒன்றாகக் கட்டணும் என்கிறேன். ஜவ்வரிசி, ஸ்டார்ச், ஈர மாவு, திப்பி, கிடங்குச் சரக்கு, கிழங்கு முன்பணம் எல்லாம் எல்லா ஆலைக்கும் பொது. நூற்றைம்பது எண்ணுக்குள் அடங்கும்.

சேர்வராயன் காப்பி:
மலையிலிருந்து ஒரு சந்தேகம். ஏற்காட்டில் ஒரு எஸ்டேட், பிரைவேட் லிமிடெட். நிலத்தை மூலதனமாகக் கொண்டு வந்ததால் செலுத்தப்பட்ட மூலதனம் 5.2 கோடி. விற்றுமுதல் 6 கோடிதான். காப்பி, ஊடுபயிராக மிளகு. இதுக்கும் எக்ஸ்பிஆர்எல் உண்டா? செடியை எங்கே காட்டணும்?

அம்மாபேட்டை ஆடிட்டர்:
உண்டு மேடம். மூலதனம், விற்றுமுதல் ரெண்டில் எது ஒன்று தாண்டினாலும் உண்டு. காப்பிச் செடி பல வருடம் காய்க்கிற தாங்கு செடி, ஏஎஸ் 10 படி நிலையான சொத்தில் வரும், தேய்மானம் போடணும். பறித்துக் களத்தில் இருப்பது கையிருப்பு. நீங்கள் இந்த் ஏஎஸ் கம்பெனி இல்லை என்பதால் செடியில் நிற்கிற காயை நியாய மதிப்பில் காட்டும் வேலை கிடையாது. வகைப்பாடு தேர்ந்தெடுக்கும்போது இதில் கவனம் வேண்டும்: ஏஎஸ் கம்பெனிக்குத் தொழில் வணிக வகைப்பாடு, இந்த் ஏஎஸ் கம்பெனிக்கு அதற்கான தனி வகைப்பாடு. 'உயிரியல் சொத்து' என்ற உறுப்பைப் பார்த்து ஆசைப்பட்டு மாற்றி எடுத்துவிடக் கூடாது.

குறிச்சொல்:
பொருள் விவரத்தில் நான்கு இலக்கக் குறியீடு கேட்பார்கள். காப்பிக்கு 0901, மிளகுக்கு 0904. ஜவ்வரிசிக்கு 1903, ஸ்டார்ச்சுக்கு 1108. முன்னால் வரும் பூஜ்யத்தை எக்ஸல் விழுங்கிவிடும். அந்தப் பத்தியை எழுத்து வடிவத்தில் வையுங்கள், இல்லையென்றால் 901 என்று போய் நிற்கும்.

அமைச்சக வகைப்பாட்டில் நாமாகப் புது உறுப்பு சேர்க்க முடியாது. அமெரிக்காவில் சேர்க்கலாம், அதனால் அங்கே ஒவ்வொரு கம்பெனியும் சொந்தப் பெயர் வைத்து ஒப்பிட முடியாமல் போகிற சிக்கல் உண்டு. இங்கே பொருத்தமான உறுப்பு கிடைக்காவிட்டால் 'இதர' உறுப்பில் போட்டு அடிக்குறிப்பில் விளக்கணும். மொத்தத்தில் கால்வாசி 'இதர'வில் விழுந்தால் மேப்பிங் தப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை பேரேடு:
கடைசியா, ஃபைல் தயாரான பிறகு வரிசை என்னங்க? முதல் வருஷம்ங்கிறதால போன வருஷ எண்ணும் கேட்குமா?

குறிச்சொல்:
கேட்கும். 2025-26 ஃபைலில் 2024-25 எண்ணும் குறியிட்டுப் போகணும். பங்கு மூலதனம், ரிசர்வ் ஆரம்ப இருப்புக்கு 31-3-2024 தேதியும் வேணும். திப்பியை இந்த வருஷம் புது வரிக்கு மாற்றினால் போன வருஷ எண்ணையும் அதே வரிக்கு மாற்றி, மறுவகைப்படுத்தியதாகக் குறிப்பு எழுதுங்கள்.

வரிசை இதுதான். அமைச்சகத் தளத்தில் வகைப்பாடு, வணிக விதிகள், சரிபார்ப்புக் கருவி மூன்றின் நடப்புப் பதிப்பை இறக்குங்கள். தனிக் கணக்குக்கு ஒரு ஃபைல். துணைக் கம்பெனி இருந்தால் ஒருங்கிணைந்ததுக்கு இன்னொன்று. கருவியில் முதல் சரிபார்ப்பு கணினியிலேயே ஓடும். அதில் பெரும்பாலும் கூட்டல் ஒத்துப்போகாததும், ஒரே எண் ரெண்டு இடத்தில் ரெண்டு விதமாக இருப்பதும் வரும். பேலன்ஸ் ஷீட்டில் 12.35 லட்சம், குறிப்பில் 12,34,870 என்று ரவுண்ட் செய்யாமல் கொடுத்தால் அதே உறுப்பு, அதே தேதி, ரெண்டு மதிப்பு. அடுத்து முன்-பரிசோதனை, அதற்கு இணையம் வேணும். சிஐஎன், டின் (இயக்குநர் அடையாள எண்) மாதிரியானவற்றை அமைச்சகத் தரவோடு பார்க்கும். அதன்பின் கருவியிலேயே பிடிஎஃப் எடுத்து, கையெழுத்தான அறிக்கையோடு வரி வரியாக ஒப்பிடணும். இந்தப் படியைத் தாண்டிவிடாதீர்கள். துல்லியப் பிழையும் குறிப் பிழையும் கண்ணுக்குத் தெரிவது இங்கேதான். பிறகு படிவத்தில் இணைத்து, இயக்குநர் டிஜிட்டல் கையெழுத்து, தொழில்முறைச் சான்று, பதிவேற்றம்.

குறிப்புகளை வேர்டிலிருந்து அப்படியே ஒட்டாதீர்கள். அட்டவணை உடையும், ரூபாய்க் குறி கட்டமாக மாறும். வெறும் எழுத்தாக ஒட்டிவிட்டு அட்டவணையை மறுபடி போடுங்கள்.

டேலி மேசை:
பேரேடு, பொது எண் பட்டியலுக்கு முதல் வரைவை நான் தொடங்கறேன். உங்க லெட்ஜர் பெயர்களை மட்டும், தொகையும் பார்ட்டி பெயரும் இல்லாம, இழையில் போடுங்க. கிழங்கு முன்பணத்துக்கு விவசாயி தனி, தரகர் தனின்னு ரெண்டு எண் வைக்கலாமா?

செவ்வாய்ப்பேட்டை பேரேடு:
ரெண்டு எண்ணே வைங்க. லெட்ஜர் பட்டியல் திங்கள்கிழமை போடறேன், திப்பியும் சாக்கும் பிரிச்சதுக்கு அப்புறம்.